பன்னிரண்டு நெஞ்சுப் படங்கள்

"பன்னிரண்டு பேருக்கும் நெஞ்சு கெட்டிருக்கு. ஒருத்தர்கூடத் தப்பலை" என்றார் டாக்டர்.

மேலாளர் சிரித்தார். டாக்டர் தமாஷ் செய்கிறார் என்றுதான் நினைத்தார். லிஃப்ட் ஓடாததால் மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

"வேற ஏதாவது கம்பெனி படத்தைப் பார்த்துட்டீங்களா டாக்டர்?"

"உறை மேல உங்க கம்பெனி பேர்தான் இருக்கு. ஒவ்வொரு படத்திலயும் ஆள் பேரும் இருக்கு. நீங்களே பாருங்க."

அவருடைய தொழிற்சாலையில் கைகழுவும் பீங்கான் பேசின் செய்கிறார்கள். கைகழுவுவதில் மேலாளரும் கெட்டிக்காரர். சூளைக்குப் போகும் முன் காய்ந்த பேசினை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும். அந்தக் கூடத்தில் கிளம்பும் தூசியில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி அடங்கும், ஆனால் காய நேரமாகும் என்று மேலாளர் வேண்டாமென்றுவிட்டார். முகமூடி கேட்டவர்களிடம், "உங்களுக்குப் பவுடர் செலவை மிச்சம் பண்ணித் தர்றேன், அதுக்கு நன்றி சொல்லுங்கப்பா" என்றார். அவருக்கென்ன, கூடத்தின் ஓரத்திலேயே கண்ணாடி அறை, குளுகுளுவென்று ஏசி. தினமும் காலையில் மேசையில் படிந்திருக்கும் வெள்ளையைத் துடைக்க ஓர் ஆள். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயரே 'ஏசி சார்'.

இப்போது ஒரு பெரிய ஓட்டல் நிறுவனம் பேசின் வாங்க வந்திருந்தது. தேய்க்கிற பன்னிரண்டு பேரும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் ஆர்டர் என்றார்கள். ஆர்டர் வந்தால் ஏசி சாரை டைரக்டர் ஆக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நல்லவேளையாக, மேலாளரின் மச்சானிடம் எக்ஸ்ரே வண்டி ஒன்று இருந்தது. போன வாரம் வண்டி தொழிற்சாலைக்கே வந்து, வேலை முடிந்து, படங்கள் டாக்டரிடம் வந்து சேர்ந்தன.

"இருக்கவே முடியாது டாக்டர். எல்லாம் சுத்தமான நெஞ்சு. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேலாளர் கொஞ்சம் தடுமாறினார். "பழகின ஆளுங்க இல்லையா. கல்லு மாதிரி இருக்காங்க."

"உள்ளே இருக்கறதும் கல்லுதான். கல்லோட தூள். பீங்கான் மண்ணுல 'சிலிக்கா'ன்னு ஒண்ணு இருக்கு. கண்ணுக்குத் தெரியற தூசியாவது பெரும்பாலும் மூக்கோட நின்னுடும். தெரியாததுதான் உள்ளே போய்க் குடியேறும். நுரையீரல் முழுக்கத் தழும்பு விழும்."

"மாத்திரை, ஊசி ஏதாவது..."

"தழும்பை எடுக்க மருந்து கிடையாது. இனிமே தூசி போகாமப் பார்த்துக்கலாம், அவ்வளவுதான்."

மேலாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டார். "நெஞ்சு கெட்டிருந்தா அவங்களுக்கே தெரியாமலா இருக்கும்? இருமல், மூச்சு வாங்கறதுன்னு ஏதாவது இருக்கணுமே."

"இருக்கும். வயசாச்சு, தொப்பை போட்டுடுச்சுன்னு ஆளுக்கொரு காரணம் சொல்லிக்குவாங்க."

மேலாளர் தன்னையறியாமல் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

டாக்டர் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக விளக்குப் பலகையில் வைத்துக் காட்டினார். "ஒண்ணுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு. பன்னிரண்டும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, உங்க பேசின் மாதிரியே. ஒரே கூடம், ஒரே காத்து, அதான் போல."

"கொஞ்சம் பார்த்து எழுதுங்க டாக்டர். என் எதிர்காலமே இதுல இருக்கு."

"அவங்க உயிரே இதுல இருக்கு. பொய் எழுத மாட்டேன். முதல்ல பன்னிரண்டு பேரையும் அந்தக் கூடத்தைவிட்டு மாத்துங்க."

மேலாளரின் முகம் சுட்டெடுத்த பேசின் போல வெளுத்துவிட்டது. படங்களை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினார். ஆர்டர் போச்சு, டைரக்டர் பதவி போச்சு என்று அவர் அழவில்லை என்பதுதான் விசேஷம். அதெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது.

தொழிற்சாலைக்குத் திரும்பியவர் தேய்க்கிற கூடத்துக்குள் நுழையும்போதே கைக்குட்டையால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டார். தேய்க்கிறவர்களில் மூத்தவர், இருமி இருமியே 'இருமல் அண்ணன்' என்று பெயர் வாங்கியவர், உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"என்ன சார், இன்னைக்கு நம்ம பவுடர் வாசம் பிடிக்கலையா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேலாளர் கண்ணாடி அறையைப் பார்த்தார். மேசையில் காலையில் துடைத்த இடத்தில் மறுபடியும் வெள்ளை படிந்திருந்தது. உள்ளே போக அவருக்குக் கால் வரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும்" என்றார் இருமல் அண்ணன். "போன வாரம் எக்ஸ்ரே வண்டி வந்தன்னைக்கு, சம்பளத்தோட லீவுன்னு எங்க பன்னிரண்டு பேரையும் பின் கேட் வழியா வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. எங்களை எப்போ சார் படம் எடுப்பீங்க?"

மேலாளர் கையிலிருந்த படங்களைப் பார்த்தார். ஏசி அறையில் இருப்பவனின் நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும் என்று நம்பி, அன்று அந்த வண்டிக்குள் பன்னிரண்டு பெயருக்கும் பன்னிரண்டு தடவை மூச்சை இழுத்துப் பிடித்து நின்றது அவர் ஒருவர்தான்.