'ஈரத் தலையணை'க்கு வந்த அழைப்பு

"முடி எங்க தம்பி?"

லூர்துநாதன் வாத்தியார் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அருளானந்தம் பிடரியைத் தடவிக்கொண்டான். தோளில் புரண்டுகொண்டிருந்த முடியை அன்று காலையில்தான் அம்மா ஜெயமேரி கூடவே வந்து நின்று வெட்டவைத்திருந்தாள்.

"வெட்டிட்டேங்க சார்."

"கச்சேரி நோட்டீஸ்ல போட்டிருந்த படத்துல நல்லா இருந்துச்சே" என்றார் வாத்தியார், தன் முடியே போய்விட்டதைப் போல.

ஜெயமேரி தாம்பாளத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். பழம், பூ, வெற்றிலை பாக்கு, கற்கண்டு.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"இருக்கட்டுங்கண்ணே. வெறுங்கையோடயா வர்றது?"

அருளானந்தம் வேலை பார்க்கும் பால் சங்கத்துக்குப் பால் ஊற்ற வரும் சுப்பையன்தான் சேதி கொண்டுவந்தார். 'என் மக விஷயமாப் பேசணும், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அருளானந்தத்த வீட்டுக்கு வரச்சொல்லு' என்று வாத்தியார் சொல்லியனுப்பியிருந்தார். "பொண்ணப் பெத்தவரு மக விஷயமாப் பேசணும்னா வேற என்னத்தடா பேசுவாரு?" என்று ஜெயமேரி அப்போதே புளி போட்டுத் தாம்பாளம் துலக்க உட்கார்ந்துவிட்டாள்.

அருளானந்தத்துக்கும் சந்தேகமே இல்லை. பாண்டிச்சேரி ஹாஸ்டலில் படித்துவிட்டு வந்த வாத்தியார் மகள் இசபெல்லா, அவனுடைய 'ஈரத் தலையணை' இசைக்குழு எங்கே வாசித்தாலும் தோழிகளோடு முன்வரிசைக்கு வந்துவிடுவாள். ஆனால் அவன் பாடும் மைக்குக்கு நேராக ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஓரமாக, டிரம்ஸ் பக்கம்தான். நேருக்கு நேர் பார்க்க வெட்கம் என்று இவனே முடிவுகட்டி, அதை ஒரு பாட்டாகவும் எழுதிவிட்டான்.

சோகப் பாட்டுதான். வேறு எதுவும் அவனுக்கு வராது.

எழுபத்தொன்பதில் தொடங்கிய குழு. ஆறு வருஷத்தில் பதினோரு கச்சேரி. சினிமாப் பாட்டு கிடையாது, சொந்தப் பாட்டு மட்டும்தான் என்று ஒரு பிடிவாதம். திருநள்ளாற்றில் மூன்றாவது பாட்டிலேயே மைக்கைப் பிடுங்கினார்கள். போலகத்தில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு வந்து, "யாரு தம்பி தவறிட்டாங்க?" என்று விசாரித்தாள்.

போன மாதம் டிரம்ஸ் அடிக்கும் சந்தனசாமி, பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர விமானம் ஏறிவிட்டான். மிச்சம் மூன்று பேர். அதில் ஒருவன், பேஸ் கிட்டார் வாசிக்கும் தெட்சிணாமூர்த்தி, மாப்பிள்ளைத் தோழனாகக் கூடவந்து இப்போது முறுக்குத் தட்டோடு ஐக்கியமாகியிருந்தான்.

"குழுவுல இப்ப எத்தனை பேரு இருக்கீங்க?" என்றார் வாத்தியார்.

ஜெயமேரி மகனின் தொடையைக் கிள்ளினாள். 'பாட்டு கீட்டுன்னு பேச்ச எடுத்த, பொண்ணு இல்ல' என்று வழியெல்லாம் ஓதிக்கொண்டு வந்திருந்தாள்.

"மூணு பேருங்க. சும்மா பொழுதுபோக்குக்குத்தான் சார்."

"பொழுதுபோக்குக்கா?" வாத்தியாரின் முகம் சுருங்கியது. "வாரத்துல எத்தனை நாளு ஒத்திகை?"

"நாலு நாளு சார்!" என்றான் தெட்சிணாமூர்த்தி, வாய் நிறைய முறுக்கோடு.

"அதெல்லாம் முன்ன" என்றாள் ஜெயமேரி.

"வெளியூர்க் கச்சேரின்னா வீடு திரும்ப நேரமாயிடுமோ? பொம்பளப்புள்ள விஷயம் பாருங்க, அதான் கேட்டுக்குறேன்."

உள்ளே திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. அருளானந்தம் திரையையே பார்த்தான். ஆறு வருஷம், முப்பத்தேழு பாட்டு, ஒரு கிட்டார். இந்தப் பக்கம் ஒரு ஜோடி வளையல். கண்ணை மூடிக்கொண்டான்.

"இனிமே கச்சேரியே கெடையாதுங்க சார். குழுவக் கலைச்சாச்சு."

கடித்த முறுக்கு தெட்சிணாமூர்த்தியின் வாயிலேயே நின்றுவிட்டது. "எப்படா கலைச்ச?"

"இப்ப."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடா?"

"இப்பச் சொல்றேன்ல! கிட்டாரையும் யாருக்காச்சும் குடுத்துடப் போறேன். பால் சங்கத்துல வேலை நிரந்தரமாயிடும் சார். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் டாண்ணு வீட்ல இருப்பேன்."

இதுவரை பாடிய சோகப் பாட்டு எதிலும் அவன் குரல் இப்படி உடைந்ததில்லை. ஜெயமேரி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா இப்பத்தான் கண்ணத் தொறந்துருக்கா!"

வாத்தியார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அவசரப்படாதீங்க தம்பி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரேயடியாவா?"

'அடேயப்பா, எப்படிச் சோதிக்கிறார் மனுஷர்!' என்று நினைத்தான் அருளானந்தம். இதில் மட்டும் தோற்கக் கூடாது.

"ஒரேயடியாத்தான் சார். மாதா மேல சத்தியமா."

"பாவி" என்றான் தெட்சிணாமூர்த்தி. முறுக்குத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டான்.

லூர்துநாதன் வாத்தியார் மெதுவாக எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாவு வீட்டுக்குள் நுழைகிறவரைப் போல நடந்து திரையருகே போய் நின்றார்.

"கேட்டியாம்மா? கலைச்சிட்டாங்களாம்."

திரைக்குப் பின்னால் வளையல் இன்னொரு முறை குலுங்கியது. பிறகு இசபெல்லாவின் குரல் வந்தது.

"அப்ப நான் டிரம்ஸ் அடிக்க வேற குழு பாருங்கப்பா."