கேட்டில் தொங்கிய டீ

கடையநல்லூரிலிருந்து மலேசியாவின் ஈப்போவுக்குக் குடிவந்த நாள்முதல், தினமும் மூன்று மணிக்கு மைமூன் வீட்டுக் கேட்டில் சூடான இஞ்சி டீப் பொட்டலம் ஒன்று தொங்கும். பழைய ரப்பர்த் தோட்டத்தில் கட்டிய வீடு அது. சாப்பாட்டுக் கடையில் வேலைசெய்யும் கணவன் ஷரபுதீன்தான் கொடுத்தனுப்புகிறான் என்று நினைத்திருந்தாள்.

இன்று காலை கிளினிக்கில் ஷரபுதீனுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி, என்றார்கள். அதை யாரிடமும் சொல்லாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"டீயா? நான் எங்க புள்ள அனுப்புனேன்?"

மூன்று மணிக்கு இருவரும் கேட்டுக்குப் போனார்கள். இரண்டு பொட்டலங்கள் தொங்கின.

"பயப்படாதீங்க மச்சான். இதக் குடிச்சுத்தான் நாலு மாசமா அழாம இருக்கேன்."

அவளுடையது எப்போதும்போல் இனித்தது.

ஷரபுதீனும் ஒரு வாய் குடித்தான். அதில் சீனியே இல்லை.