கெய்ரோவுக்கு ஒரு வீல்சேர்

“ஜன்னல் சீட்டு அவருக்குப் போட்டுடு தம்பி. எனக்கு ஒரு வீல்சேர் சொல்லிடு” என்றாள் சந்திரம்மாள்.

கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்த சைஃபுல்லாவின் விரல்கள் நின்றன.

“வீல்சேர் யாருக்கும்மா?”

“எனக்குத்தான்.”

செங்கம் ரோட்டில் டிராவல்ஸ் வைத்திருப்பவன் சைஃபுல்லா. கெய்ரோவில் வேலை பார்க்கும் மகள் கவிநிலாவைப் பார்க்க, அடி அண்ணாமலையிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் முதல் தடவையாக விமானம் ஏறுகிறார்கள். சென்னை டூ துபாய், துபாய் டூ கெய்ரோ என்று அவர்களுக்குத் தோதாக ஒரு ரூட் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தான் அவன். எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

“போன பௌர்ணமிக்கு செருப்புகூட இல்லாம கிரிவலம் போனீங்களேம்மா! இதே கடையிலேர்ந்து பார்த்தேன். கூட வந்தவங்களை எல்லாம் பின்னாடி விட்டுட்டு விறுவிறுன்னு போனீங்க.”

“அதுக்கப்புறம்தான் முட்டி வலி ஜாஸ்தியாயிடுச்சு.”

அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சற்று முன் கடைப் படியை அவள் ஏறி வந்த வேகத்துக்கு, எந்த முட்டியும் வலித்ததாகத் தெரியவில்லை.

சைஃபுல்லாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

“வரிசையில நிக்க வேணாம், சொகுசா தள்ளிக்கினு போவாங்கன்னு நல்லா இருக்கறவங்க எல்லாம் இதைக் கேக்கறாங்கம்மா. போன மாசம் நம்ம கஸ்டமர் ஒருத்தர், டயாலிசிஸ் பண்ணிக்கறவரு, சேர் கிடைக்காம ஏர்போர்ட்டுல தரையிலயே உக்காந்துட்டாரு. பாவம் இல்லையா?”

“பாவம்தான்.” சந்திரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “இருந்தாலும் போடு தம்பி.”

இருந்தாலுமாம்!

“எதுக்கும் ஐயாவை ஒரு வார்த்தை கேட்டுடறேன்” என்று எழுந்தான்.

“வேணாம் தம்பி! அவருகிட்ட எதுவும் கேக்காத!”

அந்தப் பதற்றமே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. விறுவிறுவென்று வாசலுக்குப் போனான்.

அவள் கணவர் அப்பாசாமி வந்ததிலிருந்து வெளியே வெயிலில்தான் நின்றிருந்தார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. பழைய சைக்கிளின் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தத் துருப்பிடித்த சைக்கிளை எவன் தூக்கிக்கொண்டு போகப்போகிறான் என்று சைஃபுல்லா அப்போதே நினைத்தான்.

“ஐயா, அம்மா தனக்கு வீல்சேர் வேணும்ங்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா?”

அப்பாசாமி, பின்னாலேயே ஓடிவந்த மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கா? இன்னாடி ஆச்சு?”

“முட்டி வலிங்க. துபாய்ல இறங்கி ரொம்ப தூரம் நடக்கணுமாம். என்னால ஆவாது.”

பெரியவரின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே!

“மலையையே சுத்தறவளுக்கு ஏர்போர்ட்டு மலைப்பாயிருக்குதாம் தம்பி!” என்று வாய்விட்டுச் சிரித்தார். “சரி, போட்டுடு. ஆனா தள்றதுக்கு வேற ஆளு எதுக்கு? நான் இருக்கறேன் இல்ல?”

“அங்க ஆளு வருவாங்க ஐயா. அதான் ரூல்.”

“வரட்டுமே. நானும் ஒரு பக்கம் புடிச்சிக்கினு தள்றேன். என் பொண்டாட்டி, நான் தள்ளக் கூடாதா?”

சொல்லிவிட்டு, டீ குடிக்க எதிர்ப்பக்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓட்டவில்லை. சைஃபுல்லா அப்போதுதான் கவனித்தான். அவருடைய இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டே போனது. டீக்கடையிலும் பெஞ்சில் உட்காராமல், சைக்கிளோடு சைக்கிளாகச் சாய்ந்து நின்றார்.

சந்திரம்மாள் அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“வாதம் வந்து எழுந்ததிலேர்ந்து இப்படித்தான் தம்பி. கைத்தடி வாங்கிக் குடுத்தேன், தூக்கி எறிஞ்சிட்டாரு. வீல்சேர்ல உக்காருங்கன்னு பொண்ணு போன்ல சொன்னதுக்கு, ‘அப்படின்னா நான் வரவே இல்ல’ன்னுட்டாரு. அன்னிக்கி ராத்திரி எல்லாம் அவ போட்டோவையே பார்த்துக்கினு இருந்தாரு.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

“எங்க போனாலும் அந்த சைக்கிளைப் புடிச்சிக்கினுதான் நடக்கறாரு. ஏர்போர்ட்டுக்குள்ள சைக்கிளை விடமாட்டாங்களே தம்பி?”