ஈயத்தைப் பிடித்த கை

ஒரு குட்டைத் தண்ணீரில் சிஸ்டீன் என்கிற அமினோ அமிலம் கரைந்து கிடந்தது. கண்ணுக்கே தெரியாத உருவம். அதன் ஒரு கையில் கந்தக வாடை அடிக்கும். அந்தக் கையில் எந்நேரமும் ஹைட்ரஜன் பொடியனைச் சுமந்துகொண்டே திரியும்.

ஒரு நாள், யாரோ வீசிய பழைய பேட்டரியிலிருந்து ஈய அயனி ஒன்று கசிந்து வந்து, நேரே ஒரு கெண்டைக் குஞ்சின் செவுளைப் பார்த்து நகர்ந்தது. உள்ளே போனால் குஞ்சு பிழைக்காது.

சிஸ்டீன் குறுக்கே விழுந்து, சும்மா இருந்த கையால் பிடித்தது. ஈயம் ஒரே உதறாக உதறியது.

"ஒத்தக் கையால என்னைப் பிடிக்க வந்தியாக்கும்? இன்னொரு கை நாறுது, போய்க் கழுவு."

"அக்கா, என்னை இறக்கி விட்டுரு," என்றான் பொடியன்.

"நீ எங்கடா போவ?"

"தண்ணி தூக்கிக்கும். நான் என்ன கனமா? அவன்தான் கனம்."

சிஸ்டீனுக்கு மனசு கேட்கவில்லை. தோன்றிய நாள் முதல் சுமந்த பிள்ளை. ஆனால் செவுள் திறந்து மூடுவது பக்கத்தில் தெரிந்தது. இறக்கி விட்டது. தண்ணீர் வாங்கிக்கொண்டது.

உடனே கந்தகக் கை ஈயத்தின் மேல் விழுந்தது. இரண்டு கையும் நண்டுக் கொடுக்காக இறுகின. ஈயம் புரண்டது, இழுத்தது, கெஞ்சியும் பார்த்தது. கெண்டைக் குஞ்சு ஒன்றும் அறியாமல் வாலை ஆட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது.

"எவ்வளவு நேரம் பிடிச்சிருப்ப? கை வலிக்காதா?" என்றது ஈயம்.

"நாறுற கைதான்," என்றது சிஸ்டீன். "வலிக்கிற கை இல்ல."