முழங்கால் ஆழம்

"அங்கேயே நில்லுங்க! இன்னொரு அடி வெக்காதீங்க!"

லோர்னா போட்ட சத்தத்தில் கிளைப் பனி பொலபொலவென்று உதிர்ந்தது.

மேலேயிருந்து இறங்கி வந்த மனிதர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கால் முழங்கால் வரை புதைந்திருந்தது. அவருக்குப் பின்னால், மலைப்பாதை நெடுக, கிணறு கிணறாகக் குழிகள்.

"பனிச்செருப்பு எங்கே?"

லோர்னாவும் அவள் கணவன் ரூஃபஸும் கால் பனியில் புதையாமலிருக்க முறம்போல் அகன்ற பனிச்செருப்பு மாட்டியிருந்தார்கள். பிப்ரவரியில் அது இல்லாமல் அடிரோண்டாக் மலைகளில் யாரும் ஏறுவதில்லை.

"இல்லீங்க," என்றார் அவர்.

"பூட்ஸுக்கு அடியில இரும்புப் பல் கட்டிக்கிட்டா போதும்னு நெனச்சீங்களோ? அது வழுக்குற பாறைக்கு. இப்படிப் பொதபொதன்னு இருக்கிற பனிக்கா? மாடு மிதிச்ச வயல் மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்களே! ராத்திரி இந்தக் குழியெல்லாம் உறைஞ்சு கல்லாயிடும். கால் உள்ளே போனா எலும்பு முறியும். தெரியுமா?"

"தெரியும். மன்னிச்சிடுங்க."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா!"

"மூச்சு விட்டுக்கோ லோர்னா," என்றான் ரூஃபஸ். "நீ கத்தற கத்தல்ல மலையே சரிஞ்சுடும்."

"நீ சும்மா இரு. நாளைக்கு ஏறப்போறது உன் அக்காவா, என் அக்காவா?"

மறுபடி அந்த மனிதரிடம் திரும்பினாள்.

"நாப்பத்தாறு மலை. எல்லாத்தையும் குளிர்காலத்துலயே ஏறி முடிக்கணும்னு எங்க ஹெட்டி அக்காவுக்கு ஆசை. நாப்பத்தஞ்சு முடிச்சா. அப்புறம் இடுப்பு ஆப்பரேஷன். நாலு வருஷம் கழிச்சு நாளைக்குத்தான், மிச்சமிருக்கிற இந்த ஒண்ணு. அடிவாரத்துல இருக்கிற கேட்டுக்கு மேல சாலையில பனி தள்ள மாட்டாங்க. அங்கிருந்தே நடக்கணும் அவ. ஒரு வாரமா நாங்க ரெண்டு பேரும் மிதிச்சு மிதிச்சு இந்தப் பாதையை இறுக்கி வெச்சோம்..."

கையிலிருந்த மண்வெட்டியைப் பனியில் குத்தினாள்.

"எத்தனை மணிக்கு வர்றாங்க உங்க அக்கா?" என்று கேட்டார் அவர்.

"விடிகாலைல. ஏன், அதுக்குள்ள மிச்சத்தையும் மிதிக்கணுமா?"

அவர் ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழிவிட்டார்.

இருவரும் ஒவ்வொரு குழியாக மண்வெட்டியால் பனியை அள்ளிப் போட்டு மிதித்துக்கொண்டே ஏறினார்கள்.

"நூத்திப் பதினாலு," என்றான் ரூஃபஸ்.

"எண்ணாதே. எரிச்சலா வருது."

ஒரு மணி நேரம் போனபின், இருபது வயதுப் பெண் ஒருத்தி எதிரே வந்தாள். காலில் அவளுக்குப் பெரிதான பனிச்செருப்பு. முதுகுப் பையில் இன்னொரு ஜோடி தொங்கியது.

"ஒருத்தர் கீழே போனாரே, பாத்தீங்களா?"

"பாத்தோம். நல்லாவே பாத்தோம்," என்றாள் லோர்னா.

"உச்சியில என் செருப்போட வார் அறுந்து போச்சு. தனியா வந்தவ, என்ன பண்றதுன்னு தெரியாம அழுதுட்டிருந்தேன். அவர் தன்னோடதைக் கழட்டி என் காலில கட்டிவிட்டாரு. 'நீ மெதுவா வாம்மா, நான் முன்னாடி போய், கேட் பக்கத்துல நிக்கிற என் காரைச் சூடு பண்ணி வெக்கிறேன்'னாரு."

லோர்னா மண்வெட்டியை ஊன்றி நின்றாள். அவரைப் பார்க்கும் வரை, கீழேயிருந்து வந்த வழியில் ஒரு குழிகூட இல்லை. ஏறும்போது அவர் செருப்போடுதான் ஏறியிருக்கிறார். அது அப்போது உறைக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன்."

"நீ எங்கே சொல்ல விட்டே?"

மேலே மிச்சமிருந்த குழிகளையும் அடைத்துவிட்டு மூவரும் இறங்கினார்கள். லோர்னா அவரைத் திட்டிய இடம் வந்தது.

"இனிமேதான் வேலையே," என்றாள் லோர்னா, தாழ்ந்த குரலில். "இங்கேயிருந்து கேட் வரைக்கும் அவர் மிதிச்சதை அடைக்கணும்."

மண்வெட்டியைத் தூக்கியவள், தூக்கியபடியே நின்றாள்.

அந்த இடத்துக்குக் கீழே பாதையில் ஒரு குழிகூட இல்லை. அவர்கள் மிதித்து வைத்தது மிதித்தபடியே கிடந்தது.

பாதையை ஒட்டி, யாரும் நடக்காத இடுப்பளவு பனியில், ஒரு மனிதர் தத்தளித்துத் தத்தளித்து இறங்கிய தடம், மரங்களுக்கிடையே போய்க்கொண்டே இருந்தது.