சிவப்பு மருந்து

பயிற்சிக்கு வந்திருக்கும் நர்ஸ் ஷஹர்பானு, இன்றுதான் முதன்முறையாகத் தன் கையால் புற்றுநோய் மருந்தை ஏற்றுகிறாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியின் ஜன்னல் வெயிலில் ஊசிக்குழாய் சிவப்பாக மின்னுகிறது. நரம்பை விட்டு ஒரு சொட்டு கசிந்தாலும் சதை வெந்துவிடும். டாக்டர் பின்னால் நின்று பார்க்கிறார். கோவளத்து மீன்காரி செங்கம்மாள் மருந்து ஏறும் கையை நீட்டியபடி கட்டிலில் படுத்திருக்கிறாள். திடீரென்று அவளுடைய கால்விரல்கள் மடங்குகின்றன. அதைக் கண்டதும், ஊசிக்குழாயை அழுத்திக்கொண்டிருந்த ஷஹர்பானுவின் கட்டைவிரல் அப்படியே நின்றுவிடுகிறது. "எரியுதாக்கா?" "கொஞ்சம் எரியுது. சொன்னா உன்னைத் திட்டுவாங்களேன்னு பொறுத்துகினு கீறேன்." "திட்டுனா திட்டட்டும். உன் கை வெந்துச்சின்னா நான் இன்னாக்கா பண்ணுவேன்?" கசிந்ததை ஊசி வழியே மெல்ல உறிஞ்சி எடுத்து, ஊசியை உருவுகிறாள். டாக்டர் தானே பஞ்சை எடுத்துக் கொடுக்கிறார். செங்கம்மாள் மறு கையின் கண்ணாடி வளையல்களை மேலே தள்ளிவிட்டு, அந்தக் கையையும் ஷஹர்பானுவிடமே நீட்டுகிறாள்.