டீசல் எங்கே?

"நீ சொல்லு."

"என்னால ஆவாது பிரபு. நீயே சொல்லு."

"ஐயோ, நான் மாட்டேன். அவரு மூஞ்சியைப் பார்த்தா எனக்கு நாக்கே ஒட்டிக்கும்."

அதற்குள் ஏட்டு சக்கரபாணியின் பைக் ரைஸ்மில் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. சகாய பிரியாவும் அந்தோணி பிரபுவும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிகிற மாதிரி நின்றார்கள்.

ஒலக்கூர் பக்கம் பல வருஷமாக மூடிக் கிடக்கும் மில் அது. பாட்டுப் போட்டு ஆடும் இவர்கள் கூட்டம் இப்படித்தான், யாரும் எட்டிப் பார்க்காத இடமாகப் பிடிக்கும். ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வாட்ஸ்அப்பில் இடத்தைச் சொல்லும். போலீசுக்காக வாசலில் ஏதாவது ஒரு விசேஷத்தின் பெயரில் ஃப்ளெக்ஸ் தொங்கும். உள்ளே பேஸ் பாக்ஸ் அதிர அதிர பிள்ளைகள் ஆடித் தீர்ப்பார்கள்.

"இன்னாது, புதுமனை புகுவிழாவா?" சக்கரபாணி ஃப்ளெக்ஸைக் காட்டிச் சிரித்தார். "ரைஸ்மில்லுல யாரும்மா குடி வர்றது, எலியா? திண்டிவனத்துல காதுகுத்துன்னீங்க. கொழந்தையே இல்ல. விழுப்புரத்துல நிச்சயதார்த்தம்னீங்க. பொண்ணே இல்ல."

உள்ளே பாட்டு ஓடவில்லை. பேஸ் பாக்ஸ்மேல் போட்ட தார்ப்பாய் போட்டபடியே கிடந்தது. வந்திருந்த பிள்ளைகள் சுவரோரமாகக் குந்தியிருந்தார்கள்.

"டீசல் எங்க?"

பிரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

டீசல்தான் இந்தக் கூட்டத்துக்கு ஆணிவேர். இடம் பார்ப்பது, ஜெனரேட்டர் கொண்டுவருவது, பாட்டோடு பாட்டைக் கலந்து ஓடவிடுவது எல்லாம் அவன்தான். எப்போது பார்த்தாலும் டீசல் கேனோடு அலைவதால் வந்த பெயர். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டுதான் வந்து நிற்பான். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது பிரியாவையும் பிரபுவையும் தவிர அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"ரெண்டு எடத்துலயும் கைக்கு எட்டித் தப்பிச்சிட்டான். ஸ்டேஷன்ல என்னைப் பார்த்துச் சிரிக்கறானுங்க. இன்னிக்கி அந்தத் துண்டை அவுத்து மூஞ்சியைப் பார்க்காம நான் போவ மாட்டேன்." அவர் தார்ப்பாயை இழுத்துப் போட்டார். நெல் ஊறப்போடும் தொட்டிகளில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்.

பிரபு பின்னாலேயே ஓடினான். "சார், டீசலுங்கறது வந்து..."

"வந்து?"

"வந்து... அவன் இங்க இல்ல சார்."

"எங்க போய்ட்டான்?"

"செத்துட்டான் சார்."

சக்கரபாணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கை தட்டினார். "வாசல்ல புதுமனை, உள்ள சாவு! ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணிக்கினு சொல்லுடா."

"மாதா சத்தியமா சார். ஜெனரேட்டரை ஏத்திக்கினு வர்றப்ப பைபாஸ்ல லாரி... இப்பதான் ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சி..." பிரியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுவரோரத்திலும் விசும்பல் கேட்டது.

"ஒப்பாரிக்கும் ஆளுங்களை செட் பண்ணி வச்சிருக்கீங்களா? பலே!"

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, "இவ ஒருத்தி. டூட்டியில இருக்கசொல்லதான் போன் பண்ணுவா" என்று கட் செய்தார். உடனே மறுபடியும் அடித்தது.

"எடுங்க சார்!" பிரியா முன்னால் ஓடிவந்து கும்பிட்டாள். "உங்க கால்ல வேணா விழறேன். அந்தப் போனை எடுத்துப் பேசுங்க சார்."

"ஏன், நான் வீட்டுக்காரியாண்ட பேசிக்கினு இருந்தா நீங்க பின்பக்கமா ஓடிடலாம்னா?" அவர் போனை அணைத்தே விட்டார்.

"ஓட மாட்டோம் சார். நீங்க எங்ககூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஜல்தி போவணும் சார். அங்க வந்து அடிங்க, கேஸ் போடுங்க, இன்னா வேணா பண்ணுங்க. வாங்க சார்!"

"வருவேம்மா, வருவேன். நான் அந்தாண்ட போனதும் டீசல் இந்தாண்ட வந்து பாட்டுப் போட்டுக்கினு இருப்பான்."

பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "நானும் ஒரு புள்ளையைப் பெத்தவன்தான். விளையாடறதுக்கு உங்களுக்கு சாவுதான் கெடைச்சுதா? வாய் கூசல?"

பிரபு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"சரி, நெஜம்னே வச்சுக்குவோம். அவனுக்கு அப்பன்னு ஒருத்தன் இருப்பான் இல்ல? அவனை வரச் சொல்லு. என் எதுக்க நின்னு, செத்தது என் புள்ளைதான்னு அவன் வாயால சொல்லட்டும். உங்க எல்லாரையும் இப்பவே விட்டுடறேன்."

பிரியா பிரபுவின் முதுகைப் பார்த்தாள்.

"இன்னா, சத்தத்தைக் காணோம்? அப்பனைக் கூப்புடறதுல இன்னா பேஜாரு உங்களுக்கு?" அவர் கேட் பக்கம் கையை நீட்டினார். கேட்டில் ஆள் யாரும் இல்லை. உள்பக்கம் அவர் பைக் மட்டும் நின்றது. "எப்ப வருவான் அந்த அப்பன்?"

பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிட்டே வந்து, நீட்டிய அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டாரு சார்."